சிவப்புப் பிடி

நவம்பர் பிறந்தால் குவாந்தான் பாலோக் கடற்கரையில் வடகிழக்குப் பருவக்காற்று வலுக்கும். எனக்குக் கைட் சர்ஃபிங் ஆசை. "காசு எதுக்குத் தம்பி? நான் சொல்லித் தர்றேன்" என்றார் தெரிந்த அண்ணன் ஒருவர். காத்தாடியை மாட்டிவிட்டவர், ஆபத்தில் அதைக் கழற்றிவிடும் சிவப்புப் பிடியைக் காட்ட மறந்துவிட்டார். ஒரே வீச்சு. மணலில் தரதரவென்று இழுபட்டேன். மறுநாள் காலை நேரலையில் உட்கார முடியாமல், நின்றபடியே நேயர்களுக்கு வணக்கம் சொன்னேன்.

பிறகு காசு கட்டிச் சேர்ந்தேன். முதல் நாள் பலகையைத் தொடவே விடவில்லை. சின்னக் காத்தாடி, தலைக்கவசம், பிடியை இழு, மறுபடி இழு. இதற்கா இத்தனை வெள்ளி என்று எரிச்சல்தான். கண்ணை மூடினாலும் கை தானாக அந்தப் பிடிக்குப் போனபோது அடங்கியது.

அண்ணனிடம் எப்படிச் சொல்வது? சனிக்கிழமை இன்னொரு பையனுக்கு இலவசமாகக் கற்றுத்தரப் போகிறாராம்.