ஈரம் போக வழி

ஜெர்மனியில் ஹார்ஸ் மலையடிவாரத்து நகரம் க்வெட்லின்பர்க். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரச்சட்டக வீடுகள் அங்கே நிற்கின்றன. 1994இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இந்தக் கட்டுமானத்துக்கு ஜெர்மானியர் வைத்த பெயர் ஃபாக்வெர்க். ஓக் மரத் தூண்களும் உத்தரங்களும் வீட்டின் சுமையைத் தாங்கும். இடைப்பட்ட கட்டங்களில் வரிச்சு பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பி, மேலே சுண்ணாம்புக் காரை பூசியிருப்பார்கள். அந்த வெளிச்சுவர்களைப் புதுப்பிப்பது என் தொழில். இதில் நான் நம்புவது ஒன்றுதான்: சுவருக்குள் நீர் வந்தே தீரும், அது வெளியேற வழி இருக்கும்வரை வீடு நிற்கும்.

மரம் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது. குறுக்குவாக்கில் ஈரத்தில் உப்பும், வறட்சியில் சுருங்கும். அதனால் தூணுக்கும் களிமண் அடைப்புக்கும் நடுவே ஒரு மெல்லிய இடுக்கு எப்போதும் உண்டு. சாரல் அதன் வழியே புகும். களிமண் அந்த ஈரத்தை மரத்திடமிருந்து தன் பக்கம் வாங்கிக்கொள்ளும். சுண்ணாம்புப் பூச்சு அதைக் காற்றுக்கு விட்டுவிடும். 14ஆம் நூற்றாண்டின் மரத் தூண்கள் இன்றும் இந்நகரில் நிற்க இந்த ஏற்பாடு பெரிதும் உதவியிருக்கிறது.

20ஆம் நூற்றாண்டில் சிமெண்ட் பூச்சும் அக்ரிலிக் பெயிண்டும் இடுக்கை அடைக்கும் சிலிக்கோனும் வந்தன. மழையை அடியோடு தடுத்துவிடலாம் என்று நம்பிப் பூசினார்கள். ஆனால் மரம் அசைவதை எதனாலும் நிறுத்த முடியாது. சிலிக்கோன் ஒரு பக்கம் மரத்தை விட்டு விலகியதுமே நீர் உள்ளே இறங்கும். திரும்பி வர வழியிருக்காது. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நீடித்தால் பூஞ்சை பிடிக்கும். வெளியே பெயிண்ட் பளபளக்க, உள்ளே ஓக் மரம் கையால் உதிர்க்கும்படி ஆகிவிடும். இப்படிப்பட்ட சுவரைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் கனக்கிறது.

சோதனையை அடிச்சட்டத்தில் தொடங்குவேன். தூண்கள் எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. தரையில் தெறிக்கும் மழைநீரும் அதில்தான் படும். தெருவை மேன்மேலும் உயர்த்திப் போட்ட இடங்களில் அது மண்ணுக்குள்ளேயே புதைந்திருக்கும். சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும்; உளுத்த மரம் மொத்தென்று அடங்கும். குத்தூசி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பது மிச்சத்தைச் சொல்லும்.

கெட்டதை மட்டும் அறுத்தெடுக்க வேண்டும். தூணின் கால் மட்டும் மக்கியிருந்தால் முழுத் தூணையும் மாற்றுவது பழைய தச்சரின் வேலையை அழிப்பதாகும். ஜாக்கி வைத்துச் சுமையைத் தாங்கிக்கொண்டு, நன்றாக உலர்ந்த பழைய ஓக்கில் புதுக் கால் செதுக்கி, பழையதோடு பாதிக்குப் பாதி பொருத்தி, மர ஆணி அடிக்கிறோம். பச்சை மரம் பிறகு சுருங்கி இணைப்பைத் திறந்துவிடும். இரும்புத் தகடோ குளிரில் நீர் கோத்து மரத்தை நனைக்கும். ஓக்கின் துவர்ப்புச் சத்தும் இரும்பை அரிக்கும்.

பழைய அடைப்பிலிருந்து விழுந்த களிமண்ணைக் குப்பையில் கொட்டுவதில்லை. ஊறவைத்து, புது வைக்கோல் சேர்த்து மிதித்தால் மறுபடி சுவருக்கே போகும். அது காய வாரக்கணக்கில் ஆகும். ஆகவே களிமண் வேலை கோடைத் தொடக்கத்தில், சுண்ணாம்பு இலையுதிர் காலம் முற்றுவதற்குள். 5 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கினால் சுண்ணாம்பு இறுகாது. இறுகும் முன் உறைபனி விழுந்தால் பூச்சு உரிந்துவிடும். கடும் வெயிலும் ஆகாது. ஈரத்துணி தொங்கவிட்டு மெல்ல இறுகவிடுகிறோம்.

பூச்சு மரத்தின் முகத்தோடு சமமாக முடிய வேண்டும். துருத்திக்கொண்டு நின்றால் அதன் மேல்விளிம்பில் நீர் தங்கும். மரத்தை ஒட்டிய ஓரத்தில் கரணையால் ஒரு கீறல் போட்டுப் பூச்சையும் மரத்தையும் பிரித்துவிடுவேன். இரண்டும் தனித்தனியே அசையட்டும் என்பதற்காகத்தான். பிறகு காரைமேல் சுண்ணாம்பு வெள்ளை, மரத்தின்மேல் ஆளிவிதை எண்ணெய் வண்ணம், இரண்டும் மெல்லிய பல பூச்சுகளாக.

குளிர்காப்பு வேண்டுமென்றால் உட்பக்கத்தில்தான். மரநார்ப் பலகையை ஈரக் களிமண்ணில் இடைவெளியே இல்லாமல் அழுத்திப் பதிக்க வேண்டும். பின்னால் வெற்றிடம் இருந்தால் அறையின் ஈரக்காற்று அங்கே போய்க் குளிர்ந்து நீராகும்.

சட்டகம் எல்லாப் பக்கமும் வெளியே தெரிய வேண்டும் என்று பல உரிமையாளர்கள் ஆசைப்படுகிறார்கள். ஆனால் மேற்குக் காற்றோடு மழை அறையும் சுவரை முன்னோர் பலகையாலோ கற்பலகையாலோ மூடினார்கள். அந்த மூடலைக் கழற்றச் சொன்னால் நான் மறுத்துவிடுவேன். இனி எத்தனை ஆண்டு கவலையில்லை என்று கேட்பவர்களிடம், ஆண்டுக்கொரு முறை வீட்டைச் சுற்றி வரச் சொல்கிறேன். மழைநீர்க் குழாயின் கசிவு, வெளிறிய எண்ணெய் வண்ணம், அடிச்சட்டத்தில் ஒட்டிய மண் ஆகியவற்றைப் பார்த்த அன்றே கவனித்தால் என்னைப் போன்றவர்களைக் கூப்பிடும் தேவை மிகக் குறையும். அதையே நான் விரும்புகிறேன்.