எந்தத் தோட்டத்து ஆளு?

மாத்தளையிலிருந்து ரத்தோட்டைக்குப் போகும் பஸ்ஸில் சுசீலா ராமனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பது என் பழக்கம். பாடுவது தியாகராஜரின் ‘நகுமோமு’வாக இருக்கும், குரல் மட்டும் சபாக் குரல் இல்லை. மூச்சு விடுவது கேட்கும். அடித்தொண்டையில் ஒரு கரகரப்பு. சில சொற்களைத் தாளத்துக்குக் கொஞ்சம் பின்னால் பிடித்து வைத்து, அவசரமே இல்லாமல் விடுவார். பாட்டு வகுப்பில் அப்படிப் பிந்தினால் டீச்சர் தொடையில் தட்டித் திருத்திவிடுவார்.

லண்டனில் 1973இல் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். சின்ன வயதிலேயே குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டது. வீட்டில் கர்நாடக சங்கீதம். வெளியே சிட்னியின் மேடைகளில் ராக், ஃபங்க், புளூஸ். 1995இல் இந்தியாவுக்கு வந்து ஸ்ருதி சடோலிகரிடம் இந்துஸ்தானி கற்றார். பிறகு இங்கிலாந்து, கிட்டார் வாசிக்கும் சாம் மில்ஸ், 2001இல் முதல் இசைத்தட்டு ‘சால்ட் ரெயின்’. அது அந்த வருடத்து மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. கமகம் பழகிய தொண்டைக்குப் புளூஸ் கஷ்டமே இல்லை என்பது என் எண்ணம். இரண்டு சுரத்துக்கு நடுவில் நின்று அசைவது நமக்குக் கைவந்த வித்தை. காத்திருக்கத்தான் நமக்கு வராது. அதை அமெரிக்கக் கறுப்பர்களிடம்தான் அவர் படித்திருக்க வேண்டும்.

பிரிட்டனில் இது அவருக்கு முன்னமே போட்ட பாதை. 1961இல் டார்ட்ஃபோர்ட் ரயில் நிலையத்தில் மிக் ஜாகரைக் கீத் ரிச்சர்ட்ஸ் பார்த்தபோது, ஜாகரின் கக்கத்தில் சக் பெரி, மட்டி வாட்டர்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பர்களின் இசைத்தட்டுகள் இருந்தன. சிக்காகோவின் செஸ் கம்பனிக்கு எழுதிப்போட்டு வரவழைத்தவை. அடுத்த வருடம் ரோலிங் ஸ்டோன்ஸ் என்று குழு கட்டினார்கள். அதன் பெயரே மட்டி வாட்டர்ஸின் ஒரு பாட்டிலிருந்து எடுத்ததுதான். மிசிசிப்பிப் பருத்திக்காட்டுக்காரனின் துயரம் லண்டனுக்குப் பக்கத்துப் பையனுக்கு எப்படி விளங்கும் என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கேள்வியில் பிடிப்பில்லை. பாட்டு யாருக்கும் விளங்கும். வாங்கினவன் கடனை ஒப்புக்கொண்டானா என்பதைத்தான் நான் பார்ப்பேன். 1965இல் அமெரிக்கத் தொலைக்காட்சி அழைத்தபோது புளூஸ் பாடகர் ஹவ்லின் வுல்ஃபையும் மேடையேற்ற வேண்டும் என்று நின்றது ரோலிங் ஸ்டோன்ஸ். அப்படித்தான் தன் நாட்டுத் தொலைக்காட்சியில் அந்தப் பெரியவர் பாடினார், பையன்கள் காலடியில் உட்கார்ந்து கேட்டார்கள். லெட் செப்பலின் குழு வேறு ரகம். வில்லி டிக்ஸன் எழுதி மட்டி வாட்டர்ஸ் பாடியதை எடுத்து 1969இல் தங்கள் பாட்டாக விட்டார்கள். டிக்ஸன் 1985இல் வழக்குப் போட்ட பிறகுதான் சமரசத்துக்கு வந்தார்கள்.

இந்த மட்டி வாட்டர்ஸை ஒரு ஞாயிற்றுக்கிழமை என் சித்தப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். சித்தப்பா தப்பு மேளக்காரர். மாசி மாதக் காமன் கூத்து, மாரியம்மன் திருவிழா, கல்யாணம், சாவு எதுவென்றாலும் எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வெறும் கிட்டாரும் குரலுமாக, 1941இல் நாட்டுப்பாட்டு திரட்டிய ஆலன் லோமாக்ஸ் பதிவுக் கருவியோடு தேடிப் போய் எடுத்த பாட்டு அது. போத்தல் கழுத்தை விரலில் மாட்டிக் கம்பியில் இழுக்கும் சத்தம் வந்ததும் சித்தப்பா தலையைச் சாய்த்தார். முடிந்ததும் கேட்டார்:

“இவரு எந்தத் தோட்டத்து ஆளு?”

சரியான கேள்வி. ஸ்டோவல் தோட்டம் என்றேன். அங்கே டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர்.

சித்தப்பா தப்பைக் கையில் எடுத்தால் உடனே அடிக்க மாட்டார். எங்கள் மலையில் பனி இறங்கினால் தோல் தொய்ந்துவிடும். வைக்கோலைக் கொளுத்தி, வட்டத்தை அதன் மேல் காட்டித் திருப்பித் திருப்பிக் காய்ச்சுவார். நடுவில் விரல் நகத்தால் சுண்டிக் கேட்பார். ‘தொப்’ என்று கேட்டால் இன்னும் வேண்டும். ‘டங்’ என்று எழும்பினால் போதும். கொஞ்சம் கூடினால் தோல் வெடித்துவிடும். பிறகு ஒரு கையில் தடித்த கட்டைக் குச்சி, மறு கையில் மெல்லிய நீளக் குச்சி. அவருடைய அப்பா காலத்தில் விடியுமுன் லயத்து வாசலில் இதே தப்பை அடித்துத்தான் ஆட்களைப் பெரட்டுக்கு எழுப்பினார்கள். காலையில் வேலைக்கு விரட்டிய தோல்தான் ராத்திரி சாமியையும் அழைத்தது.

அந்தத் தப்பு இங்கே முளைத்ததல்ல. கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கி, காட்டு வழியாகத் தம்புள்ளை, நாலந்தை தாண்டி மாத்தளைக்கு நடந்து வந்த சனத்தோடு வந்தது. வாந்திபேதியில் வழியிலேயே விழுந்தவர்கள் கணக்கில்லாமல் போனார்கள். அவர்களும் பாடினார்கள். கங்காணியை வைது, கடலை வைது, கோப்பிக் கொம்பை வைது பாடினார்கள். மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தேடித் திரட்டி அச்சேற்றியிராவிட்டால் அவற்றில் பாதி மண்ணோடு போயிருக்கும். தோட்டம் வெள்ளைக்காரனுடையது, துரை பங்களாவுக்குப் பாட்டுக் கேட்கும் தூரத்தில்தான் லயமும் இருந்தது. ஆனாலும் எந்தத் துரை மகனும் ஊருக்குத் திரும்பிப் போய்த் தப்பு அடித்துக் குழு கட்டினதாகக் கேள்வியில்லை. அவன் பேரப்பிள்ளைகள் அட்லாண்டிக்குக்கு அப்பால் வேறொரு தோட்டத்துப் பாட்டுக்கு உருகினார்கள்.

காது குறைவால் இல்லை. மிசிசிப்பிப் பாட்டை 1920களிலிருந்தே தட்டில் பதித்து விற்றார்கள். கறுப்பர்களுக்கே விற்று லாபம் பார்க்கத்தான் பதித்தார்கள். அந்த வியாபாரத்தால்தான் மட்டி வாட்டர்ஸ் பெயரோடு ஜாகரின் கக்கத்துக்கு வந்தார். எங்கள் பாட்டுக்கு அப்படிக் கடை திறக்க ஆளில்லை. துயரத்தின் அளவை வைத்து எந்தப் பாட்டும் கடல் தாண்டுவதில்லை.

2011இல் சுசீலா ராமன் ‘வேல்’ என்று ஒரு தட்டு வெளியிட்டார். முருகன் பாட்டுகள், பக்திப் பாட்டில் பேர்பெற்ற கோவை கமலாவிடம் போய்க் கற்றுக்கொண்டு செய்தவை. நான்கு வருடத்துக்கு முன்புதான் டிலன், ஹென்ட்ரிக்ஸ் போன்றவர்களின் பாட்டுகளை மட்டும் வைத்து ஒரு தட்டுப் போட்டிருந்தார். புளூஸில் தொடங்கி முருகனிடம் வந்தார் என்றதும் எழுதுகிறவர்களுக்கு வாய்ப்பாகிவிட்டது, வேருக்குத் திரும்பிவிட்டாராம். அவரோ அதற்குப் பிறகு கவ்வாலிக்காரர்களோடு பாடினார், 2018இல் ஜாவாவின் காமெலான் இசைக்குப் போய்விட்டார். ‘வேல்’ தட்டைச் சித்தப்பாவுக்குப் போட்டேன். “புள்ள நல்லா இழுத்துப் பாடுது, அடிதான் பத்தாது” என்றார். எனக்கும் அதே அபிப்பிராயம். குரல் சாமியாடத் தயாராக நிற்கிறது. பின்னால் வாசிக்கிறவர்கள் கச்சேரிக்கு வந்தவர்கள் மாதிரி அடக்கமாக இருக்கிறார்கள்.

இப்போது கூத்து நடந்தால் பையன்கள் போனில் பிடித்து அன்று ராத்திரியே போட்டுவிடுகிறார்கள். பதிவுக்குப் பஞ்சமில்லை. கீழே எழுதுவது ‘செம அடி’, இரண்டு நெருப்புப் படம். அடித்தவர் பெயர் இல்லை, தோட்டத்தின் பெயர் இல்லை. போடச் சொல்லி நச்சரித்தேன். ஒருத்தன் போட்டான், சித்தப்பா பெயரை எழுத்துப் பிழையோடு.

சித்தப்பாவுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை. ஆயிரம் ரூபாய் நாட்சம்பளத்துக்காக வருடக்கணக்கில் ரோட்டில் நின்றவர். ஸ்டோவல் தோட்டத்தில் என்ன சம்பளம் என்றுதான் கேட்டார். மணிக்கு இருபத்திரண்டரை சதம் என்றேன். இருபத்தைந்தாக்கித் தரச் சொல்லி மட்டி வாட்டர்ஸ் கேட்டதையும், மேற்பார்வைக்காரன் முடியாது என்றதையும், 1943இல் அவர் சிக்காகோவுக்கு ரயிலேறியதையும் சொன்னேன்.

“பெறகாவது அந்த ரெண்டரையக் குடுத்தானா?” என்றார்.