முப்பது அங்குலம்

கேள்வி என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு வேலைகள். ஒருவர் மற்றவரிடம் கேட்பதும் கேள்வி. காதால் கேட்டு அறிவதும் கேள்வி. திருக்குறளின் 42வது அதிகாரத்துக்கு இதுதான் பெயர். அங்கே பேசப்படுவது இரண்டாவது. நேர்முகத் தேர்வு என்ற சடங்குக்கு முதலாவது மட்டும்தான் தெரியும். மேஜைக்கு அந்தப் புறம் இருப்பவர் கேட்பார், ஆனால் கேட்கமாட்டார். 1989ல் நான் போன ஒரு தேர்வில் இரண்டும் நடந்தன, அடுத்தடுத்த அறைகளில்.

தகவல் தொடர்புப் பட்டயப் படிப்பின் கடைசி இரண்டு மாதம் ஏதாவது ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் வேலை பழகிச் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். இடம் பிடிப்பது மாணவன் பொறுப்பு. கோடம்பாக்கத்தில் சொந்தக்காரர்கள் உள்ளவனுக்கு அது ஒரு டெலிபோன் காரியம். எனக்கு இருந்தது, ஆலை மூடியபின் திண்ணையில் உட்கார்ந்துவிட்ட அப்பாவும், நண்பனின் மொட்டைமாடி அறையில் பாதிப் பாயும். சான்றிதழ் இல்லையென்றால் பட்டயம் இல்லை. பட்டயம் இல்லையென்றால் ஊரில் மாமாவின் உரக்கடை. உரக்கடையில் கேவலம் ஒன்றுமில்லை. அங்கே உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டேன் என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

நான் போன இடம் அரசுத் துறைகளுக்கு 16 மி.மீ. விவரணப் படங்கள் எடுத்துத் தரும் ஒரு சிறிய ஸ்தாபனம். முதல் அறையில் மானேஜர். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார், ஆங்கிலத்தில். தன்னைப் பற்றித் தானே சொல்வது எங்கள் பக்கம் வழக்கமில்லை. யார் வீட்டுப் பிள்ளை என்றுதான் கேட்பார்கள். அதற்குப் பதில் எப்போதும் கைவசம் இருக்கும். என் விண்ணப்பத்தில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் கவிதை என்று எழுதியிருந்தேன். "போயம்ஸ் எழுதுவீங்களா?" என்றார், ரத்தக்கொதிப்பு உண்டா என்று டாக்டர் கேட்கிற குரலில். இன்னும் மூன்று நான்கு கேள்விகள். எனக்கு முன்னால் போன பையன் அவற்றுக்கெல்லாம் அழகாகப் பதில் சொன்னது கதவு வழியே கேட்டிருந்தது. நான் அத்தனை அழகாகச் சொல்லவில்லை.

இரண்டாவது அறையில் ஒலிப்பதிவாளர். ஐம்பது வயதிருக்கும். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. ஒரு சுருளை மெஷினில் மாட்டி, ஹெட்போனைக் கையில் கொடுத்தார். "மூணு நிமிஷம் இருக்கு தம்பி. ஒரு நிமிஷமாக்கு. இடைவெளியெல்லாம் எடுத்துடு, பேச்சு மட்டும் நிக்கட்டும். அரை மணி நேரம்." போய்விட்டார்.

நாடாவில் வேலை செய்யாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கால் அங்குல நாடா விநாடிக்கு ஏழரை அங்குலம் ஓடும். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. வெட்ட வேண்டிய இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு சுருள்களையும் கையால் முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். அப்போது குரல் முனகலாகிவிடும். முனகலுக்குள் சொல்லின் வாயில் எங்கே என்று தேடி, மெழுகுப் பென்சிலால் குறியிட்டு, பள்ளமிட்ட உலோகக் கட்டையில் நாடாவைப் படுக்கவைத்துப் பிளேடால் சாய்வாக அறுக்க வேண்டும். நேராக அறுத்தால் ஒட்டுப் போட்ட இடம் கடக்கும்போது டக்கென்று காட்டிக்கொடுத்துவிடும்.

எழுத்துக்கு மாத்திரை உண்டு என்று தொல்காப்பியம் சொல்வதை எல்லோரும் பள்ளியில் ஒப்பித்திருக்கிறோம். கண் இமைக்கும் நேரம், அல்லது கை நொடிக்கும் நேரம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. அதை அன்றுதான் விரலால் தொட்டேன். நெடில் நாடாவில் நிஜமாகவே நீண்டு கிடக்கிறது. ஒற்று இரட்டிக்கும் இடம் இன்னும் விசித்திரம். அப்பா என்ற சொல்லில் நடுவில் நாடா ஒரு துண்டு காலியாக ஓடி, பிறகு வெடிக்கிறது. உதடு மூடியிருக்கும் நேரம் அது. இடைவெளியெல்லாம் எடுத்துவிடு என்ற உத்தரவை அட்சரசுத்தமாக நிறைவேற்றினால் அப்பா, அபா ஆகிவிடுவார்.

சுருளில் இருந்தது சேலம் பக்கத்து நெசவுக்காரப் பெண் ஒருத்தியின் குரல். சில ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி 1985ல் வந்த சட்டத்தின் பெருமையைச் சொல்வதற்காக எடுக்கப்பட்ட படம் அது. (சட்டம் வழக்குகளில் மாட்டிக்கொண்டது, செல்லும் என்று உச்சநீதிமன்றம் சொன்னது 1993ல்.) அவள் நூல் விலை பற்றிச் சொன்னாள், கூட்டுறவுச் சங்கம் பற்றிச் சொன்னாள், யாரோ எடுத்துக்கொடுக்க நன்றியும் சொன்னாள். பிறகு: "மூணு தறி ஓடுச்சுங்க. இப்ப ஒண்ணு. பையன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போயிட்டான்." அதன்பின் நான்கு விநாடி ஒன்றுமில்லை. அதன்பின், "போகட்டும்."

நான்கு விநாடி என்றால் முப்பது அங்குலம். அதை எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து ஓடவிட்டுப் பார்த்தேன். "போயிட்டான். போகட்டும்." இப்போது அவள் பிள்ளையைத் தொலைத்துத் தலைமுழுகியவள் போல் இருந்தாள். அல்லது, பனியன் கம்பெனிச் சம்பளம் வருகிறதே என்று திருப்திப்பட்ட தாய் போல். படத்துக்கு இந்த இரண்டாவது பெண் மிகவும் பொருந்துவாள். ஒரு சொல்லைக்கூட மாற்றாமல், சேர்க்காமல், அவள் சொல்லாத ஒன்றை அவள் வாயாலேயே சொல்லவைத்துவிடலாம். பிளேடு மட்டும் போதும்.

முப்பது அங்குலத்தையும் திரும்ப ஒட்டினேன். நன்றியை வெட்டினேன். சங்கத்தைப் பாதி வெட்டினேன். கேள்வி கேட்டவரின் குரலை முழுக்க எடுத்தேன். ஒரு நிமிஷமும் இரண்டு விநாடியும் வந்தது.

ஒலிப்பதிவாளர் இரண்டு முறை கேட்டார். "இடைவெளியை எடுக்கச் சொன்னேனே?"

"எடுத்துப் பார்த்தேன் சார். அந்த அம்மா வேற ஆளா ஆயிடறாங்க."

"மௌனமா இருக்கறது நல்லாருக்குன்னு விட்டியா?"

ஆமாம் என்றேன். அவர் அந்த இடத்தை மட்டும் ஒலியைக் கூட்டித் திரும்ப ஓட்டினார். "இதுல எங்கப்பா மௌனம்? கேளு." மின்விசிறியின் இரைச்சல். அதற்கும் அடியில், வெகு தூரத்தில், சீராக ஏதோ ஒன்று. பக்கத்து வீட்டுத் தறி. அந்த நான்கு விநாடியும் அவள் சும்மா இருக்கவில்லை. அடுத்த வீட்டுத் தறி ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்படியும் இருக்கலாம் என்றுதான் அவர் சொன்னார். அவளை நேரில் பதிவு செய்தவர் அவர்.

மௌனம் என்ற சொல்லை நம் புதுக்கவிதை செலவழித்த மாதிரி வேறெதையும் செலவழித்ததில்லை. கவிதை முடியாத இடத்தில் மூன்று புள்ளி வைத்துவிட்டு மௌனம் என்கிறோம். மதிப்புரை எழுதுகிறவரும், சொல்ல ஒன்றுமில்லாதபோது, வரிகளுக்கிடையே உள்ள மௌனத்தைப் பாராட்டிவிட்டுக் கிளம்புகிறார். எந்த அறையின் மௌனம், அங்கே விசிறி ஓடியதா, அடுத்த வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஒலிப்பதிவுக்காரர்கள் பேச்சைப் பதிவு செய்து முடித்ததும், எல்லோரையும் வாய்மூடச் சொல்லி, வெறும் அறையை அரை நிமிஷமாவது தனியாகப் பதிவு செய்துகொள்வார்கள். ஒட்டுப் போடும்போது இட்டு நிரப்ப அது வேண்டும். எதுவுமே பதியாத புது நாடாவை அங்கே ஒட்டினால் குரல் திடீரென்று கிணற்றில் விழுந்தது போலிருக்கும். ஒவ்வொரு அறைக்கும் வேறு மௌனம். ஓர் அறையினுடையதை இன்னோர் அறைக்குக் கடன் கொடுக்க முடியாது. எங்கள் விமர்சகர்களில் சிலரையாவது ஒரு மாதம் அந்த அறையில் உட்காரவைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை உண்டு.

இடம் கிடைத்தது. சம்பளம் இல்லை, மத்தியானச் சாப்பாடு உண்டு. அழகாகப் பதில் சொன்ன பையனையும் எடுத்துக்கொண்டார்கள். தயாரிப்பு நிர்வாகத்தில் அவன் கெட்டிக்காரன்தான். படம் முடிந்தபோது அந்த முப்பது அங்குலம் அப்படியே இருந்தது, ஒரு மாறுதலோடு. நான்கு விநாடி சும்மா போனால் தியேட்டரில் ரிப்பேர் என்று நினைத்துவிடுவார்கள் என்று டைரக்டர் அதன்மேல் வீணை வாசிக்கவைத்தார். வெட்டவில்லை, மூடிவிட்டார். வீணைக்கு அடியில் தறி இருந்தது. இருப்பது தெரிந்த எனக்கே கேட்கவில்லை.

இப்போது பிளேடு இல்லை, மெழுகுப் பென்சில் இல்லை. குரல் திரையில் மேடு பள்ளமாகத் தெரிகிறது. ஆடாசிட்டி என்ற மென்பொருளில் மௌனத்தைச் சுருக்குவதற்கென்றே ஒரு கட்டளை உண்டு. இத்தனை டெசிபலுக்குக் கீழே, இத்தனை நேரத்துக்கு மேலே என்று எண்களைக் கொடுத்தால் ஒரு மணி நேரப் பேச்சிலும் அது தானே தேடிப்போய்ச் சுருக்கிவிடும். கையால் அசைத்து முனகலைக் கேட்க வேண்டியதில்லை. என்ன போயிற்று என்று பார்க்க வேண்டியதும் இல்லை. நானும் பயன்படுத்துகிறேன், வேலை அப்படி.

அந்தச் சுருள் இருந்த அட்டைப் பெட்டியில் ஒலிப்பதிவாளரின் கையெழுத்தில் விவரம் எழுதியிருந்தது. கைத்தறி, சுருள் 4. ஆண், சங்கத் தலைவர், இரண்டு முறை எடுத்தது. அவர் பெயரும் இருந்தது. அதற்குக் கீழே: பெண் 2. விசிறிச் சத்தம். பரவாயில்லை.