ஒரு வாசல் ரூம்



மக்காச்சோளம் முத்துற சமயத்துல ஊரை விட்டு ஒரு ராத்திரி வெளிய தங்குறதுன்னா எங்க பக்கம் யோசிச்சுத்தான் செய்யணும். காட்டுப்பன்னி ஒரு தடவை இறங்குச்சுன்னா நாலு மாசப் பாடு போச்சு. இருந்தாலும் இந்தத் தை அமாவாசைக்கு (ஜனவரி 18) ராமேஸ்வரம் போயிட்டு வந்தோம். அப்பா இறந்து ஒன்பது வருசமாச்சு. கடல்ல ஒரு தடவை எள்ளும் தண்ணியும் விட்டுட்டு வாடான்னு எங்கம்மா சொல்லிக்கிட்டே இருந்துச்சு. மச்சினன் மகனைக் காவலுக்குப் படுக்கச் சொல்லிட்டு, நானும் வீட்டுக்காரியும் காணும் பொங்கல் அன்னைக்கு விடியக்காலமே கிளம்பிட்டோம்.

கோயிலைப் பத்தி நிறையப் பேர் எழுதியிருக்காங்க. நான் சொல்லப் போறது நாங்க தங்குன லாட்ஜைப் பத்தி.

ஐம்பத்தி நாலு வயசுல காசு கொடுத்து ஒரு ரூம்ல படுத்தது இதுதான் எனக்கு முதல் தடவை. வெளியூர்ல தூங்காத ஆள் இல்லை. மதுரை பெரியாஸ்பத்திரி வராந்தா, கல்யாண மண்டபம், சாத்தூர் பஸ் ஸ்டாண்டு எல்லாம் பழக்கம்தான். ஆனா நமக்குன்னு ஒரு ரூம், அதுக்கு ஒரு சாவின்னு இருந்தது இல்லை. எங்கப்பா எழுபதுகள்ல ராமேஸ்வரம் போனப்ப ஏதோ ஒரு தெருத் திண்ணையில துண்டை விரிச்சுப் படுத்துட்டு வந்தாராம். அப்ப அங்க சத்திரம் நிறைய உண்டு. ஆனா உள்ள விடுறதுக்கு முன்னால "என்ன ஆளுக?"ன்னு கேப்பாகளாம். பதில் சொல்லப் பிடிக்காம, திண்ணையே போதும்னுட்டாரு.

சாத்தூர்ல இருந்து மதுரைக்கு பஸ், அங்க இருந்து ரயில். பாம்பன்ல இப்ப ஓடுறது புதுப் பாலம். 1914ல திறந்த பழைய பாலத்துக்குப் பதிலா 2025 ஏப்ரல்ல திறந்தது. ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நீளம். கப்பல் போறதுக்காக நடுவுல ஒரு துண்டு அப்படியே லிஃப்ட் மாதிரி மேல ஏறும். ரயில் மெதுவாத்தான் போச்சு. ரெண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டுன வரைக்கும் தண்ணி. வீட்டுக்காரி ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "இம்புட்டுத் தண்ணியும் உப்பாப் போச்சேங்க" அப்படின்னா. வானம் பார்த்த கரிசக்காட்டுக்காரிக்கு வேற என்ன தோணும்?

திருப்பூர்ல வேலை பார்க்குற மகன் போன்லயே ரூம் போட்டு வச்சிருந்தான். மேற்கு ரத வீதியில இருந்து பிரியுற ஒரு சந்துக்குள்ள மூணு மாடி லாட்ஜ். லிஃப்ட் கிடையாது. மத்த நாள்ல 700 ரூபாயாம். பொங்கல் லீவும் அமாவாசையும் சேர்ந்து வந்ததால 1,600. எனக்கு எதையும் காட்டுக் கணக்குல பார்த்துத்தான் பழக்கம். ஒரு மூட்டை யூரியா 266 ரூபாய் 50 காசு. ஆறு மூட்டை யூரியா ஒரு ராத்திரித் தூக்கத்துக்கு! மகன்கிட்ட சொல்லி என்ன ஆகப் போகுது, பேசாம எண்ணிக் கொடுத்தேன்.

கவுண்டர்ல யாரும் என்ன ஆளுகன்னு கேக்கலை. ரெண்டு பேர் ஆதார், போன் நம்பர், பணம். அவ்வளவுதான். அப்பாவை நினைச்சுக்கிட்டேன். மேனேஜர் ஆதாரைப் பார்த்து நோட்டுல எழுதிக்கிட்டு வந்தவரு, ஊர் பேர் வந்ததும் பேனாவை நிறுத்திட்டாரு.

"அச்சங்குளமா? பட்டாசு வெடிச்சு நிறையப் பேரு செத்துப் போனாங்களே, அந்த ஊரா?"

அவரு தப்பாக் கேக்கலை. டிவியில பார்த்ததைக் கேட்டாரு. ஆமாண்ணே அப்படின்னேன். வீட்டுக்காரி பையைத் தூக்கிக்கிட்டு மாடிப்படிப் பக்கம் போயிட்டா.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். 2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை. அந்த வருசத் தை அமாவாசைக்கு மறுநாள். மத்தியானம் எங்க ஊர்ப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை வெடிச்சது. இருபது பேருக்கு மேல செத்துப் போனாங்க. சுத்துப்பட்டு ஊர் ஆணும் பொண்ணும். அதுக்கு முன்னாடி எங்க ஊர் எங்க இருக்குன்னு கேட்டா சாத்தூர்ப் பக்கம், வெம்பக்கோட்டைப் பக்கம்னு விளக்கிச் சொல்லணும். இப்ப விளக்க வேண்டியது இல்லை.

ரூம் மூணாவது மாடி. ஒரு கட்டில், ஒரு டிவி, ஒரு பிளாஸ்டிக் சேர், சுவத்துல "ஈரத் துணியுடன் கட்டிலில் உட்காராதீர்"னு தமிழ்லயும் இந்தியிலயும் ஒரு போர்டு. இந்த ஊர்ல இருக்குற எல்லா லாட்ஜுக்கும் இதுதான் பெரிய தொல்லையாம். அக்னி தீர்த்தக் கடல்ல முங்கி, கோயிலுக்குள்ள 22 தீர்த்தத்துலயும் வாளி வாளியா ஊத்திக்கிட்டு, சொட்டச் சொட்ட வருவாங்க. நாலு மணி நேரம் துணி மாத்த மட்டும் ரூம் எடுக்குறவங்களும் உண்டு. அதனால தரையில எங்க கால் வச்சாலும் மணலு. ஆனா போர்வை வெளுத்துச் சுத்தமாத்தான் இருந்துச்சு.

நான் கட்டில்ல உக்காந்து பார்த்தேன். அவ உக்காரலை. பாத்ரூம் கதவைத் திறந்து பார்த்தா. ஜன்னலைத் தள்ளிப் பார்த்தா, கம்பி போட்டது. அப்புறம் என்னைப் பார்த்து, "ஏங்க, இந்த ரூமுக்கு ஒரு வாசல்தானா?" அப்படின்னா.

"லாட்ஜ் ரூமுக்கு எத்தனை வாசல் வப்பாங்க?"ன்னு சிரிச்சேன். அவ சிரிக்கலை.

அப்ப ஒரு ஆள் தண்ணிக் கேனோட வந்தாரு. ரூம் பாய்னு சொன்னாங்க. பார்த்தா என்னை விட மூத்தவரு. "குழாய்த் தண்ணி உப்பு. குளிக்க மட்டும் வச்சுக்கங்க, குடிக்க இது"ன்னு வச்சாரு. தீவுல நல்ல தண்ணி எங்க கிடைக்கும்னு கேட்டேன். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கும். "எங்கம்மா தனுஷ்கோடிக்காரி. அங்க கடலுக்குப் பக்கத்துலயே மணல்ல கையால குழி தோண்டினா நல்ல தண்ணி ஊறும். மழைத்தண்ணி மணலுக்குள்ள நிக்கும்ல, அது. கூட ரெண்டு அடி ஆழமாத் தோண்டிட்டா உப்புதான்"னாரு. எங்க பக்கம் ஆயிரம் அடி போர் போட்டுக் காஞ்சு கிடக்கோம். பேராசைப்படாம மேலாப்புல எடுத்தாத்தான் அங்க தண்ணி.

அவங்க அம்மா 1964 டிசம்பர் புயல்ல தப்பிச்சவங்களாம். ரயிலையே கடல் இழுத்துட்டுப் போன ராத்திரி. இவரு பிறந்தது அதுக்கப்புறம், ராமேஸ்வரத்துல. "சாகுற வரைக்கும் காத்து பலமா அடிச்சா அம்மா தூங்காது. எந்திரிச்சு வாசல்ல உக்காந்துக்கும். எத்தனையோ பேரு தனுஷ்கோடியைப் பார்க்க வாராக, புயல் அடிச்ச ஊருன்னு. அங்க மனுசங்க எப்படி வாழ்ந்தாகன்னு அம்மாகிட்ட ஒருத்தரும் கேட்டதில்லை" அப்படின்னுட்டுப் போயிட்டாரு.

ராத்திரி ஓட்டல்ல இட்லி சாப்பிட்டு வந்தோம். லாட்ஜ் வாசல்ல ஒரு வடநாட்டு பஸ். சமையல்காரரையும் கையோட கூட்டி வந்து, ரோட்டோரமே அடுப்பு வச்சு ரொட்டி சுட்டுக்கிட்டு இருந்தாங்க. பத்து மணிக்குப் படுத்தோம். கதவைத் தாழ் போட எந்திரிச்சேன். "போடாதீங்க" அப்படின்னா. ஊரு முழுக்க வெளியாளு, கதவைத் திறந்து போட்டுப் படுக்க முடியுமான்னு கேட்டு நான் தாழைப் போட்டுட்டேன்.

பதினோரு மணி இருக்கும். எங்கயோ ரெண்டு வெடி வெடிச்சது. அவ எந்திரிச்சு, செருப்புக்கூடப் போடாம, தாழைத் திறந்துட்டு நடைக்குப் போயிட்டா. நான் பின்னாலயே ஓடினேன். மொட்டை மாடிக்குப் போற கதவு திறந்திருந்துச்சு. அங்க போய் நின்னுக்கிட்டு இருந்தா.

மொட்டை மாடி முழுக்கக் கொடி கட்டி ஈரத்துணி. சேலை, வேட்டி, சுடிதார், பிள்ளைக டவுசர். எந்தெந்த ஊருத் துணியோ, எல்லாம் ஒண்ணாக் காத்துல ஆடுது. தூரத்துல டிவி டவர் உச்சியில சிவப்பு லைட்டு. 323 மீட்டர் உசரமாம். ரெண்டு பேரும் தண்ணித் தொட்டி ஓரமா உக்காந்தோம்.

"பயர் ஆபீஸ்ல நாங்க வேலை பார்க்குறதையும் ரூம்புனுதான் சொல்லுவோம். ஒரு ரூமுக்கு நாலு பேரு. நாலு பக்கமும் வாசல் வச்சிருக்கும். வேலை நடக்குறப்ப ஒரு கதவையும் சாத்தக் கூடாது. ஏதாவதுன்னா ஓடணும்ல. எனக்கு எங்க போனாலும் முதல்ல வாசலைத்தான் எண்ணத் தோணுது" அப்படின்னா.

இருபது வருசமா அவ வேலைக்குப் போறா. காலையில வேன் வரும், தூக்குச்சட்டியோட ஏறுவா, சாயங்காலம் மஞ்சளும் சாம்பலுமா கையைக் கழுவிக்கிட்டு இறங்குவா. அங்க ரூம் எப்படி இருக்கும், எத்தனை வாசல்னு ஒரு நாள் நான் கேட்டதில்லை. கூலி எவ்வளவுன்னு மட்டும் தெரியும்.

அப்புறம் அவ சொன்னா. அஞ்சு வருசமாச் சொல்லாததை.

கூட வேலை பார்த்தவ ஒருத்தி, அந்த வெள்ளிக்கிழமை போனவ. பேரு எழுதலை, அவ பிள்ளைக படிச்சுக்கிட்டு இருக்குதுக. எங்க வீட்டுக்காரி அப்ப வேற ஆலையில இருந்தா. அமாவாசை அன்னைக்குக் குழாயடியில பார்த்தப்ப, "இங்க பீஸுக்குக் கூடத் தாராக, நாளைக்கு என்கூட வா"ன்னு அவ கூப்பிட்டிருக்கா. இவ, "வாரம் முடியட்டும், திங்கக்கிழமை வாரேன்"னு சொல்லியிருக்கா. அவ்வளவுதான்.

"நான் தப்பிச்சேன்னு சந்தோசப்படுறதா, அவளைத் தனியா விட்டேன்னு அழுகுறதான்னு தெரியலைங்க. வீட்ல அத்தை இருக்காக, பிள்ளைக வரும் போகும். இதை எங்க வச்சுச் சொல்றது?" அப்படின்னா.

இனிமே நீ போகாதன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லலை. போகாதன்னு சொல்றவன் அந்தக் கூலிக்கும் வழி சொல்லணும். குழுக் கடன் வாரா வாரம் கட்டணும். கெணத்துல தை மாசத்துலயே நாலு அடித் தண்ணி. அதனால, "அங்க நீ என்ன வேலை பார்க்குற?"ன்னு கேட்டேன். அவ சொன்னா. திரி எப்படி வைக்கிறது, எதைத் தேய்க்கக் கூடாது, எந்த வெயில்ல பயம் ஜாஸ்தின்னு. ஒரு மணி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தா. அதுக்கப்புறம் கதவுக்குச் சேரை முட்டுக் கொடுத்து, திறந்து வச்சே தூங்கினோம். எதுவும் களவு போகலை.

காலையில நாலரைக்கே கடல்ல கூட்டம். ஐயர் மூணு தலைமுறைப் பேரைக் கேட்டாரு; சொன்னேன். எள்ளும் தண்ணியும் விட்டு முடிச்சு எந்திரிக்கிறேன், வீட்டுக்காரி தள்ளி இடுப்பளவுத் தண்ணியில நின்னு ரெண்டு கையாலயும் தண்ணியை அள்ளி விட்டுக்கிட்டு இருந்தா. மூணு தடவை. பொம்பளைக விடலாமான்னு ஐயர்கிட்டயும் கேக்கலை, என்கிட்டயும் கேக்கலை.

ரூமைக் காலி பண்றப்ப மூலையில இருந்த விளக்குமாத்தை எடுத்து மணலை எல்லாம் கூட்டிட்டா. ரூம் பாய் அண்ணன், "நீங்க எதுக்குத்தா கூட்டுறீக, அது என் வேலை"ன்னு சத்தம் போட்டாரு. கீழ மேனேஜர், "அச்சங்குளத்துக்காரங்க கிளம்பியாச்சா"ன்னாரு. இந்தத் தடவை அவ நின்னு பதில் சொன்னா: "ஆமாண்ணாச்சி. எங்க ஊர்ல மக்காச்சோளம் நல்லா விளையும், பருத்தி விளையும். ஒரு தடவை வாங்க." அவரு எந்திரிச்சு நின்னு, "வாரேன்மா" அப்படின்னாரு.

இப்ப அறுப்பு முடியுற வரைக்கும் அவ பயர் ஆபீஸுக்குப் போகலை. அதுக்குப் பிறகு போறதா வேண்டாமான்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டு இருக்கோம். ஒரு முடிவுக்கு வரலை. ஆனா பேசுறோம். அதுவே எங்க வீட்டுக்குப் புதுசு. ஆறு மூட்டை யூரியா வீணாப் போகலை.

நீங்க ராமேஸ்வரம் போனா அமாவாசையும் லீவும் சேராத நாளாப் பார்த்துப் போங்க, வாடகை பாதிதான். குடிக்கிற தண்ணி தனியாத் தருவாங்களான்னு முதல்லயே கேட்டுக்கங்க. எந்த லாட்ஜ்ல தங்கினாலும் மொட்டை மாடிக் கதவு ராத்திரி திறந்திருக்குமான்னு ஒரு வார்த்தை கேட்டு வச்சுக்கங்க.