இரண்டு மணிக்குத் திறந்த காடு

பி.எஸ்.என்.எல். பிராட்பேண்டில் ‘ஹோம் 500’ திட்டம் வைத்திருந்தவர்களுக்கு இரவு இரண்டு மணியின் அருமை தெரியும். அப்போது இரண்டிலிருந்து காலை எட்டு வரை எவ்வளவு இறக்கினாலும் பில்லில் ஏறாது. பகலெல்லாம் மெகாபைட்டை எண்ணி எண்ணிச் செலவழித்துவிட்டு, அலாரம் வைத்து எழுந்து உட்கார்ந்த ஒரு தலைமுறை நாங்கள். பாட்டு, படம், சாஃப்ட்வேர் என்று மற்றவர்கள் அள்ளிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் நான் மானாகிப் போய்க்கொண்டிருந்தேன்.

நான் போன அந்த இணையக் காட்டுக்கு ‘தி எண்ட்லெஸ் ஃபாரஸ்ட்’ என்று பெயர். பெல்ஜியத்தின் கெண்ட் நகரிலிருந்து ஆரியா ஹார்வி, மிக்கேல் சாமின் என்ற இணையர் ‘டேல் ஆஃப் டேல்ஸ்’ என்ற பெயரில் உருவாக்கி 2005-இல் வெளியிட்டது. கேட்டுச் செய்ய வைத்தது லக்சம்பர்க்கின் முடாம் நவீனக் கலை அருங்காட்சியகம். காசு கிடையாது. ஸ்கிரீன்சேவராகவும் போட்டுக்கொள்ளலாம்: கம்ப்யூட்டரைத் தொடாமல் விட்டால் திரையில் காடு வந்து நிற்கும். விளையாட்டு என்று சொன்னால் கேம் ஆடுகிறவர்கள் சண்டைக்கு வருவார்கள். அதில் ஜெயிக்க ஒன்றுமில்லை, தோற்கவும் வழியில்லை. பாயிண்ட், லெவல், எதிரி எதுவும் கிடையாது. மானாக நடக்கலாம், ஓடலாம், படுத்துக்கொள்ளலாம். எதிரே வரும் ஒவ்வொரு மானும் உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் விழித்திருக்கும் ஒரு ஆள்.

நமக்கு இரண்டு மணி என்றால் ஐரோப்பாவில் சாப்பிட்டு முடித்த நேரம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பள்ளிக்கூடம் விட்டிருக்கும். அதனால் நான் போகும்போதெல்லாம் காட்டில் நல்ல கூட்டம். ஒரு பெரிய ஓக் மரம், ஒரு குளம், கல்லறைகளோடு பாழடைந்த கட்டடம் ஒன்று, இரட்டைக் கடவுள் சிலை. எங்கே சுற்றினாலும் இவற்றில் ஒன்றுக்குத் திரும்ப வந்துவிடுவோம்.

மான் உடம்புக்கு மனித முகம். முதல் தடவை நெருங்கிப் பார்த்தபோது கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. கண்ணும் மூக்கும் வாயும் நம்முடையவை, கீழே நான்கு கால். எனக்கு உடனே ராமாயணத்தில் வரும் கலைக்கோட்டு முனிவர் நினைவுக்கு வந்தார். அவருக்கு இது தலைகீழ். மனித உடம்பு, தலையில் மான் கொம்பு. அங்க நாட்டில் மழை பெய்யவேண்டும் என்பதற்காகப் பெண்களை அனுப்பி மயக்கி அவரைக் காட்டைவிட்டு வெளியே கூட்டிவந்தார்கள். மழை பெய்தது. பிறகு அயோத்தி வரை போய் தசரதனுக்கு வேள்வி செய்து கொடுத்தார். அந்த மனிதர் காட்டை நினைத்து ஒரு நாளாவது ஏங்கினாரா என்று யாரும் எழுதி நான் படித்ததில்லை. கதைக்கு அது தேவைப்படவில்லை போலிருக்கிறது.

பெல்ஜியத்தின் ஆர்டென் காட்டுப் பக்கமும் ஒரு மான் கதை உண்டு. வேட்டைக்குப் போன ஹூபர்ட், துரத்திய கலைமானின் கொம்புகளுக்கு நடுவே சிலுவை ஒளிர்வதைக் கண்டு வேட்டையை விட்டாராம். பின்னாளில் புனிதரானார், அவர் பெயரில் அங்கே ஒரு ஊரே இருக்கிறது. எண்ட்லெஸ் ஃபாரஸ்ட் மான்களின் தலைக்கு மேலும் ஒரு குறி மிதக்கும். அதுதான் பெயர். கோடும் வளைவுமாக ஒரு சித்திரம். வாயால் சொல்ல முடியாது. அதை வைத்துத்தான் ‘நேற்றுப் பார்த்த மான்’ என்று அடையாளம் கண்டுகொள்வோம்.

பேச வழி இல்லாததுதான் அந்தக் காட்டின் பெரிய சுகம். அப்போது யாஹூ அரட்டை அறைக்குள் நுழைந்தால் முதல் கேள்வி வயசு, ஆணா பெண்ணா, எந்த ஊர். பதில் பிடிக்காவிட்டால் ஆள் மாயம். இங்கே தட்டச்சு செய்யவே இடமில்லை. தலை குனியலாம், கனைக்கலாம், முன்னங்காலைத் தூக்கலாம், ஆடலாம். ஒரு மான் வந்து எதிரே நின்று குனியும். நானும் குனிவேன். அது ஓடும், நின்று திரும்பிப் பார்க்கும், நான் பின்னால் ஓடுவேன். அப்படியே ஒரு மணி நேரம் போய்விடும். என் இங்கிலீஷைப் பற்றிக் கவலைப்படாமல் வெளிநாட்டுக்காரர்களோடு நான் பழகிய ஒரே இடம் அதுதான்.

காட்டில் மந்திரம் உண்டு. கொம்பை மாற்றலாம், தோல் நிறத்தை மாற்றலாம், முகமூடி போடலாம். ஆனால் உன் மந்திரம் உன்மேல் பலிக்காது. இன்னொரு மான்மேல்தான் பலிக்கும். எனக்கு நல்ல கொம்பு வேண்டுமானால் யாராவது ஒருவர் மனசு வைக்கவேண்டும். கேட்கவும் வாயில்லை. பக்கத்தில் போய் நின்று, தலையை ஆட்டி, ‘எனக்கு’ என்று எப்படியோ புரியவைக்கவேண்டும். ஒரு மான் பொறுமையாக என்னைச் சுற்றிச் சுற்றி வந்து, பிடிக்காத கொம்பு வந்தபோது நான் தலையைக் குலுக்கக் குலுக்க, மறுபடி மறுபடி மாற்றிக் கொடுத்தது. சில நாட்களில் ஹார்வியும் சாமினுமே கடவுள்களாக உள்ளே இறங்கி, அந்தக் கணத்திலேயே வானத்தையும் பூவையும் மழையையும் மாற்றுவார்கள். அது ஊர்க்கொடை மாதிரி அமர்க்களமாக இருக்கும். எனக்கென்னவோ கடவுள் தந்த பூமழையைவிட அந்தப் பெயர் சொல்லமுடியாத மான் தந்த கொம்புதான் பெரிதாகப்பட்டது.

2009-இல் அதே இணையர் சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையை எடுத்து ‘தி பாத்’ என்ற விளையாட்டைச் செய்தார்கள். ஆறு சகோதரிகள், பாதையை விட்டு விலகாதே என்பது கட்டளை, விலகினால்தான் கதை. அதுவும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அது தனியாக ஆடுவது.

இப்போது டிஜிட்டல் கலைக் கூடங்களில் சுவரெல்லாம் புராண மிருகங்கள். டோக்கியோவின் டீம்லேப் கூடத்து வீடியோக்களில், சுவரில் ஊர்வலம் போகும் உருவங்களைத் தொட்டால் அவை நின்று கவனிக்கின்றன. அழகு, சந்தேகமே இல்லை. ஆனால் தொடுகிறவர் சுவரைப் பார்க்கிறார், பக்கத்தில் நிற்பவர் போன் கேமராவைப் பார்க்கிறார். ஒருவருக்கொருவர் கொம்பு கொடுக்க அங்கே வாய்ப்பில்லை.

வேலை கிடைத்தது, ஊர் மாறியது, எட்டு மணிக்கு ஆபீஸ் வண்டி. இரண்டு மணி தூங்குகிற நேரமாயிற்று. ஹார்வியும் சாமினும் 2015-இல் ‘சன்செட்’ என்ற விளையாட்டு விற்காமல் போனதும் வணிக விளையாட்டுகளுக்கு முழுக்குப் போட்டார்கள். ஹார்வி சிற்பம் பக்கம் போய்விட்டார். காட்டைப் புதிய மென்பொருளில் எழுப்பப் பொதுமக்களிடம் பணம் திரட்டினார்கள். இன்று என் இணையத்துக்கு இரவு பகல் கணக்கில்லை, போகலாம்தான். போனால் குட்டி மானாக முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்கலாம். கொம்பு கொடுத்த அந்த மான் ஆணா பெண்ணா, கிழவரா, பத்து வயசுப் பிள்ளையா, எந்த ஊர் என்று அறிய ஆசையாக இருக்கிறது. வாய் இருந்திருந்தால் அன்றைக்கே கேட்டிருப்பேன், அந்த யாஹூக் கேள்விகள் மூன்றையும்.