கோல்ட் றூம்

ரொறன்ரோவில் ஒக்ரோபர் நடுப்பகுதியில் ஒரு காலை டாலியாச் செடிகள் நெருப்பில் வாட்டியதுபோலக் கருகி நிற்கும். உறைபனி விழுந்துவிட்டது. அம்மா அதற்காகத்தான் காத்திருப்பார்.

டாலியா மெக்சிக்கோ மலைநாட்டுப் பூ. 1963இல் அந்நாடு அதைத் தேசியப் பூவாக அறிவித்தது. இங்கே உறையும் மண்ணில் கிழங்கு அழுகிப்போகும். எனவே மே மாதம் நட்டதைக் குளிர்காலத்துக்கு முன் கிண்டியெடுக்க வேண்டும். தண்டை நாலு அங்குலம் விட்டு வெட்டி, ஒரு கிழமை அப்படியே விட்டுவைப்பார். பிறகு ஓர் அடி தள்ளித் தோட்டமுள்ளைக் குத்தி மெல்ல நெம்புவார். வத்தாளங்கிழங்குபோலக் குலையாக வரும். கழுத்து முறிந்த கிழங்கு வீண். முளைக்கும் கண் கிழங்கின் உடம்பில் இல்லை, தண்டோடு ஒட்டும் இடத்தில்தான் இருக்கிறது. உருளைக்கிழங்கு கிண்டிப் பழகியவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

காயவைத்து, காட்போட் பெட்டியில் வெர்மிகுலைற்றுக்குள் புதைத்து, முன்படிக்குக் கீழுள்ள கோல்ட் றூமில் வைப்பார். 4 முதல் 10 பாகை குளிர் வேண்டும். பேஸ்மென்றின் மற்றப் பக்கத்தில் வைத்தால் ஃபேர்னஸ் சூட்டில் வற்றலாகிவிடும். மாதம் ஒருமுறை கையைவிட்டுத் தடவிப் பார்ப்பார். சுருங்கியிருந்தால் கொஞ்சம் தண்ணீர் தெளிப்பார். மெத்தென்றிருந்தால் அழுகலை வெட்டியெறிவார். ஆறு மாதம் இப்படி. வீட்டில் இதற்குப் பெயர் “அம்மான்ர பொழுதுபோக்கு”. அண்ணா கராஜில் ரயர்களை மாற்றி அடுக்குவது மட்டும் வேலை.

போன வருடம் அண்ணா பேஸ்மென்றை வாடகைக்கு விட முடிவெடுத்தார், கோல்ட் றூமையும் சேர்த்து. மோர்ட்கேஜ் ஏறியது உண்மைதான். ஆனால் ரயர்களின் இடம் பற்றிப் பேச்சே வரவில்லை. அம்மாவிடம் யாரும் கேட்கவுமில்லை. அவர் ஸ்பொன்சரில் வந்தவர். ஒன்ராறியோவில் பெற்றோரை அழைப்பவர், 20 வருடம் அவர்களின் செலவுக்குப் பொறுப்பென்று கையெழுத்திட வேண்டும். அரசாங்கத்துக்குக் கொடுத்த அந்த வாக்கை, தான் வாய்திறக்கக் கூடாதென்ற கட்டளையாக அம்மா வாசித்து வைத்திருக்கிறார்.

“அவன்ர வீடு, பிள்ளை” என்றார்.

அந்த வீட்டில் சமைத்து, இரண்டு பேரப்பிள்ளைகளை வளர்த்தவர். டேகெயார் காசு எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்று கணக்குப் போட்டு அண்ணாவுக்குக் காட்டினேன். “அம்மாவை ஆயாவாக்காதை” என்று கோபித்தார். பாசம் என்று சொல்லிவிட்டால் கணக்குக் கேட்க முடியாது.

என் அபார்ட்மென்றில் எந்த மூலையும் 22 பாகை. கிழங்குக்கு உதவாது. அம்மா சண்டை பிடிக்கவில்லை. ஒவ்வொரு குலையையும் கண் பார்த்துப் பிரித்தார். கறுப்பு மாக்கரால் கிழங்குகளில் நிறத்தின் பெயரை எழுதினார். முதியோர் சங்கத்தில் தன்னோடு இருக்கும் ஐந்து பெண்களிடம் ஆளுக்கொரு பெட்டி கொடுத்தார். அவர்களுக்கும் மகனுடைய அல்லது மருமகனுடைய வீட்டில் ஒரு மூலைதான். மாதம் பிறந்தால் ஒவ்வொருவராகப் போனில் அழைக்கிறார்.

“தடவிப் பாத்தனீங்களோ? மெத்தெண்டு கிடக்கே?”