ஆற்றங்கரையில் ஓர் இறைச்செய்தி

ஒகேனக்கல்லில் பாறைகளினூடே பாய்ந்து வீழும் காவிரி, கீழே மேட்டூர் நீர்த்தேக்கத்தில் அடங்குகிறது. 1934-இல் நிறைவுற்ற அவ்வணைக்காக ஊர்கள் பல நீருள் மறைந்தன. நீர் வற்றுங்கால் பண்ணவாடியில் நந்தி சிலையும் கிறித்தவ ஆலயக் கோபுரமும் இன்றும் தலைகாட்டுகின்றன. ஊரிழந்தோர் எதனைப் பற்றி வாழ்வது? அருவிக்கரையில் மாணவருடன் நின்ற நம் நெஞ்சம், இவ்வினாவுடன் பாபிலோனுக்குச் சென்றது.

கி.மு. 597-இல் எருசலேம் மக்களுள் ஒரு சாரார் அங்குச் சிறைகொண்டு செல்லப்பட்டனர். விரைவில் ஊர் திரும்பலாம் என ஆசை காட்டினோர் உளர். எரேமியாவோ, வீடு கட்டுக, தோட்டமிடுக, குடியேறிய நகரின் நலம் நாடுக என மடல் விடுத்தார். கி.மு. 586 அளவில் ஆலயமும் இடிந்தது. கேபார் ஆற்றங்கரையில் வாழ்ந்த எசேக்கியேல், உலர்ந்த எலும்புகள் உயிர்பெற்றெழும் காட்சியைக் கூறித் தளர்ந்தோரைத் தேற்றினார். முன்னவர் பொய்ந்நம்பிக்கையைக் களைந்தார். பின்னவர் மெய்ந்நம்பிக்கையை விதைத்தார். கி.மு. 539-இல் பாரசீக மன்னர் கோரேசு பாபிலோனை வென்றபின் மீளும் வழி பிறந்தது.

பாழூரொன்றைக் கண்டு, இதனை இறைவன் எங்ஙனம் உயிர்ப்பிப்பான் என வியந்த ஒருவரைத் திருக்குர்ஆனின் அல்பகறா அத்தியாயம் பேசுகிறது. அவர் உஸைர் (அலை) என்பர் விரிவுரையாளர் பலர்.

மூழ்கிய ஊர் மீளாதிருக்கலாம். எனினும் புகுந்த மண்ணில் மரம் நட்டு, அயலார் நலம் பேணுவோர்க்கு இறைவன் அண்மையில் உள்ளான் என்பதே நாம் கொள்ளும் பாடம்.